விடாமல் அடித்த மணி

அந்தப் பள்ளியின் பாதுகாப்புத் திட்டத்தை எழுதியவள் நான். கணக்கு டீச்சருக்கும் பாதுகாப்புக்கும் என்ன சம்பந்தம் என்று அப்போது யாரும் கேட்கவில்லை. தாளாளர் கூப்பிட்டுச் சொன்னார், நான் சரி என்றேன். உடனே சரி என்று சொல்ல வைத்தது பயம்தான். என் மகள் அதே பள்ளியில் மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள்.

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் வழியில், பெரிய சாலையை விட்டு மேற்கே கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது பள்ளி. பின்னால் தென்னந்தோப்பு, அதற்கும் பின்னால் மலை. முன்பக்கச் சுவர் அப்போது இடுப்பு உயரம்தான். பின்பக்கம் முள்வேலி. அதிலும் இரண்டு இடத்தில் ஆள் நுழைகிற அளவுக்குச் சந்து. வருடக்கணக்காக அப்படியேதான் இருந்தது, யாருக்கும் அது குறையாகத் தோன்றியதில்லை.

ஒரு புரட்டாசி சனிக்கிழமை, யு.கே.ஜி. பிள்ளைகள் கைகழுவும் குழாயடியில் முன்பின் தெரியாத ஒரு ஆள் நிற்பதை ஆயா பார்த்துவிட்டுக் கூச்சல் போட்டாள். நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தோம். சட்டையில்லாத உடம்பு, பல நாள் தாடி, நெற்றியில் நாமம். ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் திருவண்ணாமலை என்று ஒரு குன்று உண்டு, அதன்மேல் இருக்கும் பெருமாளைப் பார்க்க நடந்து போகிறவர். தண்ணீர் குடிக்க வேலிச் சந்து வழியாக உள்ளே வந்திருக்கிறார். எங்கள் கூட்டத்தைப் பார்த்து அவர்தான் பயந்துபோனார். கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டார்.

சாயங்காலத்துக்குள் பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் அந்த மனிதர் பிள்ளை பிடிக்கிறவர் ஆகிவிட்டார். திங்கட்கிழமை காலை கேட் முன்னால் ஐம்பது பேர் நின்றார்கள். அவர் யார், எதற்கு வந்தார் என்று அங்கே நின்ற எல்லோரையும்விட எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் அவர்கள் சத்தம் போடப் போட, என் கண் மூன்றாம் வகுப்பு ஜன்னலைத் தேடியது. அவர் இல்லாமல் வேறு ஒருவன் வந்திருந்தால்?

தாளாளர் என்னிடம் பொறுப்பைக் கொடுத்தது அந்த வாரம்தான். துணைக்கு எங்கள் வாட்ச்மேனைச் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். அவர் கூமாப்பட்டிக்காரர். பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்று வந்து, தோட்டத்தையும் பார்த்துக்கொண்டு, எங்கள் கேட்டையும் பார்த்துக்கொண்டிருந்தவர். பள்ளியில் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி.

இரண்டு பேரும் கையில் ஒரு நோட்டோடு வளாகத்தைச் சுற்றினோம். நான் போன இடத்திலெல்லாம் ஒளிந்து நிற்கத் தோதான மூலைகளைப் பார்த்தேன். எந்தச் சுவரில் ஏறிக் குதிக்கலாம், எந்தக் கழிப்பறை மறைவாக இருக்கிறது, எந்த ஜன்னல் வழியாகக் கை நீட்டலாம். அவர் பார்த்தது வேறு. கிணற்று மூடியில் பிய்ந்து தொங்கும் கம்பிவலை, சத்துணவுக் கூடத்துக்குள்ளேயே வைத்திருக்கும் சிலிண்டர், டிரான்ஸ்பார்மர் பக்கம் சாய்ந்த வேப்பங்கிளை.

"டீச்சர், நீங்க ஆளத் தேடுதீய. நான் எடத்தப் பாக்கேன்" என்றார்.

மேல்நிலைத் தொட்டிக்குப் பக்கத்தில் வந்ததும் நின்று, நிமிர்ந்து காட்டினார்.

"அந்தா, தொட்டிக்கு அடியில பாத்தீயளா? மலைத்தேனீ. கருப்பா சொளகு கணக்கா தொங்குதுல்ல."

"ரொம்ப நாளா இருக்கா அண்ணாச்சி?"

"வரும், போகும். இதுவரைக்கும் ஒண்ணும் செய்யல. ஆனா சீண்டிட்டா ஓட ஓட வெரட்டும். தீயணைப்பு ஆபீஸ்ல சொன்னா வந்து எடுத்துருவாக. எழுதிக்கோங்க."

எழுதிக்கொண்டேன். நோட்டின் கடைசிப் பக்கத்தில், கடைசி வரியில்.

மூன்று மாதத்தில் சுவர் ஆள் உயரத்துக்கு மேல் எழுந்தது. வேலியை எடுத்துவிட்டுப் பின்பக்கமும் சுவர். உள்ளே வர ஒரே வழி, முன் கேட். பிள்ளையைக் கூட்டிப்போக வருகிறவர்களுக்கு அட்டை. கேமராக்கள் எங்கெங்கே வரவேண்டும் என்று வரைபடத்தில் சிவப்பு மையால் பெருக்கல் குறி போட்டேன். பிறகு மணி. எந்த ஆபத்தாக இருந்தாலும் அலுவலக உதவியாளர் அக்கா விடாமல் மணி அடிக்க வேண்டும். விடாமல் அடித்தால் எல்லா வகுப்பும் வரிசையாக வெளியே வந்து மைதானத்தில் நிற்க வேண்டும். முன்னால் இருப்பவர் தோளில் கை. ஓடக் கூடாது, பேசக் கூடாது, என்ன ஆனாலும் கட்டடத்துக்குள் திரும்பிப் போகக் கூடாது.

இதைப் பிள்ளைகளுக்கு மாதம் ஒருமுறை பழக்கினேன். முதல் தடவை சந்தைக்கடை மாதிரி இருந்தது. நான்காவது தடவை, மொத்தப் பள்ளியும் நான்கு நிமிடத்துக்குள் மைதானத்தில் நின்றது. தாளாளர் கை தட்டினார். எனக்குப் பெருமையாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

வீட்டில் நான் வேறு ஆளாகிக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் மகளை ஜன்னலோரம் உட்கார வைத்து, பக்கத்தில் நிற்கும் ஆண்களின் கைகளைப் பார்த்துக்கொண்டே வருவேன். தெருமுனைக் கடைக்கு அவளைத் தனியாக அனுப்புவதை நிறுத்தினேன். "அம்மா கூப்பிடுறாங்கன்னு யாராவது வந்தா, ரகசியச் சொல் கேளு. சொல்லலன்னா கத்து" என்று சொல்லிக் கொடுத்தேன். அவள் கற்றுக்கொண்டாள். கொஞ்ச நாளில், பூக்காரப் பெரியவர் வழக்கம்போல அவளைப் பார்த்துச் சிரித்தபோது, என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தாள். பாதுகாப்பாக வளர்கிறாள் என்று நினைத்தேன்.

மாசி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. பதினோரு மணி இருக்கும். நான் பெரிய கட்டடத்தின் கீழ்த்தளத்தில் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தேன். மைதானத்துக்கு அந்தப் பக்கம் சின்னப் பிள்ளைகளின் கட்டடம். அதற்குச் சற்றுத் தள்ளித் தண்ணீர்த் தொட்டி. மீதி இருந்த ஒரே ஒரு கேமராவை மாட்ட ராஜபாளையத்திலிருந்து ஆள் வந்திருந்தார். பின்சுவர் முழுவதும் தெரியவேண்டும் என்று நான் குறி போட்டிருந்த இடம், தொட்டியின் தூண். வரைபடத்தில் தூண் இருந்தது. தேன்கூடு நோட்டில் இருந்தது. இரண்டையும் நான் சேர்த்துப் பார்க்கவே இல்லை.

டிரில் மெஷின் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது. அப்புறம் ஒரு அலறல்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அந்த ஆள் சட்டையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு மைதானத்தின் குறுக்கே ஓடிவந்தார். அவருக்குப் பின்னால் புகை போல ஒன்று வந்தது. மின்கசிவு என்று நினைத்தேன். புகை ஏன் அவரையே தொடர்ந்து திரும்புகிறது என்று புரிவதற்கு எனக்குச் சில நொடிகள் ஆயின. புரிந்தபோது மணி அடிக்க ஆரம்பித்துவிட்டது.

அக்காவின் மேல் ஒரு தப்பும் இல்லை. ஒரு ஆள் அலறிக்கொண்டு ஓடுவதைப் பார்த்தாள், நான் சொல்லிக்கொடுத்தபடி விடாமல் அடித்தாள்.

எதிர்க் கட்டடத்தின் கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்தன. ஒன்றாம் வகுப்பு வந்தது. இரண்டாம் வகுப்பு வந்தது. தோளில் கை வைத்து, ஓடாமல், பேசாமல், வெயிலுக்குள் நடந்து வந்தார்கள்.

என் வகுப்பில் கதவையும் ஜன்னலையும் சாத்தச் சொல்லிவிட்டு ஓடினேன். "மணிய நிறுத்துங்க!" என்று நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. கேட்டிலிருந்து அண்ணாச்சி ஒரு சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடிவந்தார். "ஏட்டி பிள்ளைகளா, உள்ள ஓடுங்க! அம்புட்டுப் பேரும் உள்ள போங்க!" என்று கத்தினார். பிள்ளைகள் போகவில்லை. திரும்பிப் போகக் கூடாது என்று நான்தானே சொல்லியிருந்தேன். நின்ற இடத்திலேயே நின்று, கையால் தலையை அடித்துக்கொண்டு அழுதார்கள். முதலில் எங்களைப் பார்த்துச் சுதாரித்தவர்கள் வகுப்பு டீச்சர்கள்தான். ஆளுக்கு நாலு பிள்ளையை இழுத்துக்கொண்டு உள்ளே ஓடினார்கள்.

மூன்றாம் வகுப்பு வரிசையில் நான்காவதாக என் மகள் நின்றாள்.

அடுத்து நான் செய்ததை இதுவரை மூன்று பேரிடம்தான் சொல்லியிருக்கிறேன். வரிசையிலிருந்து அவளை மட்டும் பிடித்து இழுத்தேன். அவள் தோளில் இருந்த கை ஒன்று பிடி விடாமல் கொஞ்ச தூரம் கூடவே வந்து விடுபட்டது. பக்கத்தில் காலியாகக் கிடந்த ஒன்றாம் வகுப்பு அறைக்குள் அவளைத் தள்ளி, நானும் நுழைந்து, கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன்.

ஜன்னல் கண்ணாடியில் மழைத்துளி மாதிரித் தேனீக்கள் வந்து மோதிக்கொண்டிருந்தன. கதவை யாரோ தட்டினார்கள். விரல் முட்டியால் இல்லை, விரித்த உள்ளங்கையால், கீழே, என் இடுப்பு உயரத்தில்.

"டீச்சர்... டீச்சர்..."

குரல் தெரியும். என் மகளுக்குப் பக்கத்தில் உட்காருகிற பிள்ளை. என் கை தாழ்ப்பாளின் மேல்தான் இருந்தது. திறக்கவில்லை. திறந்தால் அவை உள்ளே வந்துவிடும் என்ற ஒன்றைத் தவிர என் தலையில் வேறு எதுவும் இல்லை. எவ்வளவு நேரம் என்று பிறகு பலமுறை கணக்குப் பார்த்திருக்கிறேன். பத்து மூச்சு இருக்கலாம். குறைவாக இருக்கவேண்டும் என்று ஒவ்வொரு முறையும் ஆசைப்படுகிறேன்.

"அம்மா, வெளிய அவ நிக்கா" என்றாள் என் மகள்.

அதே நேரத்தில் வெளியிலிருந்து அண்ணாச்சியின் குரல். "உள்ள யாரு? கதவத் தொறங்க! டீச்சர், தொறங்க!"

திறந்தேன். அந்தப் பிள்ளை கால்மாட்டில் வந்து விழுந்தாள். அவளுக்குப் பின்னால் அண்ணாச்சி பிள்ளைகளைச் சாக்கில் மறைத்து மறைத்து உள்ளே தள்ளினார். இரண்டிரண்டாக, மூன்று மூன்றாக. வராந்தாவில் யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு, "மூடிக்கோங்க" என்று அவரே கதவை வெளியிலிருந்து இழுத்துச் சாத்தினார். அவர் உள்ளே வரவில்லை. மைதானத்தில் இன்னும் யாரோ நின்றிருக்க வேண்டும்.

உள்ளே முப்பத்தொரு பிள்ளைகள். தலைமுடிக்குள் சிக்கிய தேனீக்களை என் சேலை முந்தானையால் எடுத்துப் போட்டேன். என் கழுத்திலும் கையிலும் கொட்டியிருந்தது அப்போது தெரியவில்லை. அந்தப் பிள்ளை அழவில்லை. இரண்டு கண்ணும் வீங்கி மூடிக்கொண்டே வர, என் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இரைச்சல் அடங்கி வெளியே வந்தபோது, அண்ணாச்சி மணிக்குக் கீழே சாய்ந்து கிடந்தார். உதடு தடித்து வெளுத்திருந்தது. மூச்சு விசில் மாதிரிச் சத்தம் போட்டு உள்ளே போனது. 108 வந்து அவரையும் கேமரா மாட்ட வந்தவரையும் ஏற்றிக்கொண்டது. அதிகமாகக் கொட்டுப்பட்ட பதினான்கு பிள்ளைகளைப் பள்ளி வேனில் ஏற்றி ஸ்ரீவில்லிபுத்தூர் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். வேனில் என் மடியில் இருந்தது என் மகள் இல்லை, அந்தப் பிள்ளை. அவள் மூச்சு ஒழுங்காக வருகிறதா என்று வழி முழுவதும் அவள் நெஞ்சில் கை வைத்திருந்தேன். அது அன்பா, பிடிபட்டுவிடுவோம் என்ற பயமா என்று கேட்டால் இன்றைக்கும் என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

நர்ஸுகள் கொடுக்குகளைச் சுரண்டி எடுத்துக்கொண்டிருந்தார்கள். பெற்றோர்கள் வர ஆரம்பித்தார்கள். அந்தப் பிள்ளையின் அம்மா ராஜபாளையத்திலிருந்து ஆட்டோவில் வந்தாள். பஜாரில் அவர்களுக்குச் செருப்புக் கடை. தலையில் போட்ட முக்காடு நழுவியதுகூடத் தெரியாமல் கட்டில் கட்டிலாகத் தேடிக்கொண்டு வந்து, பிள்ளையைக் கண்டதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் எழுந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"எம்மவள நீங்கதான் கதவத் தொறந்து உள்ள இழுத்தீயளாமே டீச்சர். வேன் டிரைவர் சொன்னாக. அல்லாஹ் ஒங்களுக்கு ஒரு கொறையும் வைக்க மாட்டான்."

தலையை ஆட்டினேன் என்று நினைக்கிறேன். கட்டிலில் கிடந்த பிள்ளைக்குக் கண் திறக்க முடியவில்லை. ஆனால் முகம் என் பக்கம்தான் இருந்தது.

பிள்ளைகள் எல்லோரும் மறுநாளே வீடு திரும்பிவிட்டார்கள். கேமராக்காரரும் இரண்டு நாளில் தேறினார். அண்ணாச்சி மட்டும் ஐந்து நாள் படுக்கையில் இருந்தார். முதல் நாள் டாக்டர் உறுதியாக எதுவும் சொல்லவில்லை. தீயணைப்புக்காரர்கள் வந்து கூட்டை எடுத்துவிட்டார்கள். பள்ளி ஒரு வாரம் மூடியிருந்தது.

அந்த ஒரு வாரம், போன் அடிக்கும்போதெல்லாம் அந்தப் பிள்ளையின் அம்மாவோ என்று நம்பரைப் பார்த்தேன். வெளியாட்களைப் பற்றிய பயம் எங்கே போனதென்று தெரியவில்லை. கண்ணை மூடினால் தாழ்ப்பாளும் அதன்மேல் இருக்கும் என் கையும்தான் தெரிந்தன. என் மகள் அதைப்பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ஒரு நாள் சாப்பிடும்போது மட்டும், "அம்மா, மணி அடிச்சா இனிமே உள்ளயா, வெளியயா?" என்றாள். அவளுக்கு இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினேன்.

அண்ணாச்சியைப் பார்க்கக் கூமாப்பட்டிக்குப் போனேன். வீட்டு வாசலில் வேப்பமர நிழலில் நார்க்கட்டிலில் சாய்ந்திருந்தார். முகத்தில் வீக்கம் வடிந்து தோல் உரிந்துகொண்டிருந்தது. அவர் மனைவி காப்பி கொடுத்துவிட்டு உள்ளே போனதும் ஆரம்பித்தேன்.

"அண்ணாச்சி, அன்னைக்கு அந்தக் கதவு..."

"தெரியும் டீச்சர்."

"நான் வேணும்னு..."

"தெரியும்ங்கேன்ல." காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். "எல்லையில ஒரு தடவ, எந்திரிச்சு ஓட வேண்டிய நேரத்துல நானும் குப்புறக் கெடந்திருக்கேன். பக்கத்துல ஒருத்தன் கூப்பிட்டான். கேட்டுது. ஒடம்பு எந்திரிக்கல." மலைப்பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். கூப்பிட்டவருக்கு என்ன ஆயிற்று என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

கிளம்பும்போது, "அந்த மணிய மொதல்ல மாத்துங்க டீச்சர். பொறவு மத்ததப் பாப்போம்" என்றார்.

மாற்றினேன். விடாமல் அடிக்கும் மணிக்கு வெளியே வரவேண்டும், விட்டு விட்டு ஊதும் விசிலுக்கு உள்ளே போக வேண்டும். தேன்கூடு, பாம்பு, அறுந்து விழுந்த மின்கம்பி எல்லாம் முதல் பக்கத்துக்கு வந்தன. எந்த வேலையாள் எந்த இடத்தில் ஓட்டை போடுவதாக இருந்தாலும் அண்ணாச்சி முதலில் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். கடைசியாக ஒரு விதி எழுதினேன். எந்தக் கட்டடத்தில் ஒரு ஆசிரியரின் சொந்தப் பிள்ளை படிக்கிறதோ, அந்தக் கட்டடத்தின் கதவுப் பொறுப்பு அந்த ஆசிரியருக்குக் கிடையாது. ஆபத்து நேரத்தில் அவர் அந்தப் பக்கம் போகவும் கூடாது.

தாளாளர் படித்துக்கொண்டே வந்தவர், அந்த இடத்தில் நிமிர்ந்தார்.

"இது எதுக்கு டீச்சர்? சொந்தப் பிள்ளை இருந்தா இன்னும் நல்லாத்தான பாத்துப்பாங்க?"

"அதை மட்டும்தான் பாத்துப்பாங்க சார்" என்றேன். பிறகு நடந்ததைச் சொன்னேன். அவர் நெடுநேரம் பேனாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். வேலையை விட்டுப் போகச் சொல்வார் என்று எதிர்பார்த்து, எழுதிக் கொண்டுவந்திருந்த ராஜினாமாக் கடிதம் என் பையில் இருந்தது. அவர் கேட்கவில்லை. விதியின் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுத் திருப்பித் தந்தார்.

அந்தப் பிள்ளையின் அம்மாவிடம் சொல்ல எனக்கு மேலும் மூன்று வாரம் பிடித்தது. ஒரு சாயங்காலம் கேட் பக்கத்தில் அவள் அட்டையைக் காட்டிவிட்டுக் காத்திருந்தபோது, ஓரமாகக் கூப்பிட்டேன். தயார் செய்து வைத்திருந்த வாக்கியங்கள் ஒன்றும் வரவில்லை.

"உங்க பிள்ள கதவத் தட்டுனா. நான் உடனே தொறக்கல" என்றேன்.

அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள்.

"தெரியும் டீச்சர். அன்னைக்கே ஆஸ்பத்திரியில, நீங்க போன பொறவு சொல்லிட்டா."

"அப்புறம் ஏன் யார்ட்டயும்..."

"மொதல்ல கோவம்தான். எம்புட்டுக் கோவம்னு ஒங்களுக்குத் தெரியாது. தாளாளர்ட்ட வந்து சொல்லணும்னு ஆட்டோவுலகூட ஏறிட்டேன்." முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். "பொறவு யோசிச்சேன். நான் உள்ள இருந்து, எம்மவ எங்கிட்ட இருந்து, ஒங்க மக வெளிய நின்னு தட்டிருந்தா? எனக்கு அதுக்குப் பதில் தெரியல. அதான் எறங்கிட்டேன்."

மன்னித்துவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை. பிள்ளை ஓடிவந்ததும் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள். அடுத்த நாளிலிருந்து என்னைப் பார்த்தால் தலையசைப்பாள், அவ்வளவுதான். அந்தப் பிள்ளை இரண்டு மாதம் கழித்துத்தான் என்னோடு பேசினாள். ஏழாம் வாய்ப்பாட்டில் ஒரு சந்தேகம் கேட்டாள்.

புதிய திட்டத்தை முதன்முதலாகப் பழக்கிய நாளில் பங்குனி வெயில் தலையைப் பிளந்தது. அண்ணாச்சி விசில் ஊதினார். மைதானத்தில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் உள்ளே ஓடினார்கள். சின்னவர்கள் சிலர் அழுதார்கள். நிஜமா, பழக்கமா என்று அவர்களுக்குத் தெரியவில்லை. என் பொறுப்பு பெரிய கட்டடத்தின் தெற்குக் கதவு. கடைசிப் பிள்ளை வரும்வரை அதைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். பக்கவாட்டில் என் மகளின் கட்டடம் தெரியும். அவள் உள்ளே போனாளா இல்லையா என்று இங்கிருந்து சொல்ல முடியாது.

கை வியர்த்துக் கதவுப் பிடி வழுக்கியது. வருகிற பிள்ளைகளை ஒவ்வொருவராகத் தலையில் தொட்டு எண்ணினேன். நாற்பத்திரண்டு. எண்ணி முடிக்கும்வரை அந்தப் பக்கம் திரும்பவே இல்லை என்று எழுத ஆசை. மூன்று தடவை திரும்பினேன். ஆனால் கதவை விடவில்லை.